தங்களுக்குத் தெரிந்ததைத் தெரிவிக்கவும்

கடிதம் அரைப் பக்கம்கூட இல்லை. நான்காவது முறை படித்தபோதும் அறிக்கைக்கு அதில் ஒரு குறையும் அகப்படவில்லை. அதுதான் அவரை உறுத்தியது.

அறிக்கை என்பது அவருடைய பெயரல்ல. சுகாதார அமைச்சரின் அலுவலகத்தில் பதினாறு வருடங்களாக அறிக்கை எழுதும் வேலை பார்த்துப் பார்த்து, வேலையே பெயராக ஒட்டிக்கொண்டுவிட்டது. அமைச்சர்கள் ஐந்து பேர் வந்து போனார்கள். அறிக்கை அதே நாற்காலியில் இருந்தார். ஆழ்ந்த வேதனை, இரும்புக்கரம், எவ்வளவு பெரியவராக இருந்தாலும், சட்டம் தன் கடமையைச் செய்யும் - இதெல்லாம் அவருக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். மாமனார் வீட்டில்கூட "அறிக்கை சாப்பிட்டாச்சா?" என்றுதான் விசாரிப்பார்கள்.

கடிதம் காவல் நிலையத்திலிருந்து வந்திருந்தது. அரசு மருத்துவமனையில், பிறந்த குழந்தைகள் வார்டுக்காக வாங்கிய மூச்சுக் கருவிகள் ஆறு, பெட்டி பிரிக்கும் முன்பே ஸ்டோரிலிருந்து காணாமல் போய்விட்டன. ஊரே கொதித்தது. அமைச்சர் நேரில் போனார். வாசலில் பதினைந்து மைக்குகள் நீண்டன. அறிக்கை எழுதிக் கொடுத்திருந்த காகிதத்தில் "குற்றவாளிகள் தப்ப முடியாது" என்று அடக்கமாக ஒரே வரி இருந்தது. அமைச்சர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, மைக்குகளைப் பார்த்து முழங்கினார்: "திருடினது யாருன்னு எனக்குத் தெரியும். ஸ்டோர் கீப்பர்தான். ஆதாரம் என்கிட்ட இருக்கு."

கை தட்டினார்கள். அன்று சாயங்காலமே போலீஸ் ஸ்டோர் கீப்பரைக் கைது செய்தது. 'அமைச்சர் சொன்னார், போலீஸ் பிடித்தது' என்று மறுநாள் பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டன. அமைச்சர் அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டு மாட்டச் சொன்னார்.

சட்டம் மாட்ட ஆணி அடித்துக்கொண்டிருந்தபோதுதான் கடிதம் வந்தது.

"மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு, வணக்கம். திருடியவர் யார் என்று தெரியும் என்றும், ஆதாரம் தங்களிடம் இருக்கிறது என்றும் தாங்கள் கூறியதைத் தொலைக்காட்சியில் கேட்டேன். விசாரணைக்கு இது பெரிய உதவி. தங்களுக்குத் தெரிந்ததைத் தெரிவித்து, ஆதாரத்தை ஒப்படைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நாளும் நேரமும் தங்கள் வசதிப்படி." கீழே ஒரு பெண் இன்ஸ்பெக்டரின் கையெழுத்து. சுழி, கொம்பு எல்லாம் அச்சடித்த மாதிரி இருந்தது.

அமைச்சர் கடிதத்தை ஒரு பார்வை பார்த்தார். "நல்லாத்தானே எழுதியிருக்கா? ஏதாவது எழுதி அனுப்பிடுய்யா."

"ஐயா, ஆதாரம்னு கேட்டிருக்காங்க. நம்மகிட்ட ஏதாவது...?"

அமைச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "கை தட்டும்போது சொல்றதுக்கெல்லாம் ஆதாரம் வெச்சுக்கிட்டா இருப்பாங்க?"

வீட்டில் அறிக்கை இதை மனைவியிடம் சொன்னார். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியை. பிள்ளைகளின் பரீட்சைத் தாளைத் திருத்தியபடியே கேட்டுக்கொண்டார்.

"தெரியும்னு சொன்னாரு. தெரிஞ்சதைச் சொல்லச் சொல்றாங்க. இதுல என்னங்க சிக்கல்?"

"தெரியாது. அதான் சிக்கல்."

"அப்ப தெரியாதுன்னு எழுதுங்க."

அறிக்கை சிரித்துவிட்டார். பதினாறு வருடத்தில் எத்தனையோ சொற்களை எழுதியிருக்கிறார்; 'தெரியாது' என்ற சொல்லை மட்டும் எந்த அமைச்சருக்காகவும் எழுதியதில்லை. அப்படி ஒரு சொல் அலுவலகத்து அகராதியிலேயே கிடையாது.

மறுநாள் பதில் எழுதினார். "மாண்புமிகு அமைச்சர் அவர்கள் நேரடியாக அறிந்ததாகக் கூறவில்லை. நம்பத்தகுந்த வட்டாரங்கள் வாயிலாக அறியவந்ததையே மக்கள் நலன் கருதி வெளிப்படுத்தினார்கள்." படித்துப் பார்த்தார். எங்கே தொட்டாலும் கையில் சிக்காத வாக்கியம். நிம்மதியாக அனுப்பினார்.

இரண்டே நாளில் பதில் வந்தது. நன்றி தெரிவித்திருந்தார் இன்ஸ்பெக்டர். "மேற்படி நம்பத்தகுந்த வட்டாரங்களின் பெயர், வயது, முகவரி ஆகியவற்றைத் தெரிவித்தால், அவர்களுக்கும் தனித்தனியே கடிதம் அனுப்ப வசதியாக இருக்கும்."

அறிக்கைக்கு லேசாக வியர்த்தது. வட்டாரங்களுக்கு வயது கேட்ட ஆளை அவர் இதுவரை பார்த்ததில்லை. பத்திரிகைக்காரர்கள் கேட்கமாட்டார்கள், எதிர்க்கட்சிக்காரர்கள்கூடக் கேட்கமாட்டார்கள், அவர்களுக்கும் அதே வட்டாரங்கள் வேண்டியிருக்கின்றன.

யோசித்து இன்னொரு பதில் எழுதினார். 'வட்டாரங்கள்' என்றது குறிப்பிட்ட நபர்களை அல்ல, மருத்துவமனைப் பகுதிப் பொதுமக்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதையே அமைச்சர் எதிரொலித்தார் என்று. பொதுமக்களுக்கு முகவரி கிடையாது. இனி என்ன செய்வாள் பார்க்கலாம் என்று நினைத்தார். இருந்தாலும் ஒரு பாதுகாப்புக்காக, கட்சியின் வட்டச் செயலாளருக்குப் போன் போட்டு, அந்தப் பக்கத்தில் ஸ்டோர் கீப்பரைப் பற்றிப் பேசிக்கொண்ட பொதுமக்கள் யாராவது உண்டா என்று விசாரித்து வைத்தார்.

விசாரித்ததுதான் வினையாகிப் போனது. வட்டச் செயலாளர் சுறுசுறுப்பான மனிதர். அமைச்சருக்குப் பொதுமக்கள் வேண்டும் என்று அவர் புரிந்துகொண்டார். மறுநாள் காலை பத்து மணிக்கு நாற்பத்தொரு பொதுமக்கள் இரண்டு வேன்களில் காவல் நிலையத்துக்குப் போய் இறங்கினார்கள். அத்தனை பேரும் கண்ணால் பார்த்த சாட்சிகள்.

இன்ஸ்பெக்டர் ஒருவரையும் திருப்பி அனுப்பவில்லை. எல்லாருக்கும் உட்கார இடம் கொடுத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வாக்குமூலம் எழுதினார். ஒருவர் ஸ்டோர் கீப்பர் கருவிகளைச் சைக்கிளில் கொண்டுபோனதைப் பார்த்திருந்தார். இன்னொருவர் லாரியில் பார்த்தார். ஒருவர் பின்பக்க மதில்மேல் ஏறிக் குதித்ததைப் பார்த்தார். ஸ்டோர் கீப்பருக்கு முழங்கால் வலி என்று மருத்துவமனையில் எல்லாருக்கும் தெரியும். கூட்டிப் பார்த்தால், காணாமல் போன ஆறு கருவிகளை அந்த மனிதர் ஒரே நாளில் நாற்பத்தொரு தடவை திருடியிருந்தார்.

மூன்று நாள் எழுதினார் அந்த அம்மாள். எழுதி முடித்து ஒவ்வொருவருக்கும் வாசித்துக் காட்டினார். வாசித்த பிறகு, பொய்யான வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டால் எத்தனை வருடம் உள்ளே இருக்க வேண்டும் என்பதையும், குரல் உயர்த்தாமல், பஸ் நேரம் சொல்கிற மாதிரிச் சொன்னார். உடனே முப்பத்தெட்டுப் பேருக்குத் தாங்கள் அன்று ஊரிலேயே இல்லை என்பது ஞாபகம் வந்தது. மிச்சம் மூன்று பேர் மருத்துவமனை எந்தத் தெருவில் இருக்கிறது என்று தெரியாமல் விழித்தார்கள். அப்படியானால் யார் வரச் சொன்னது என்று அவர் கேட்க, அவர்கள் வட்டச் செயலாளரைச் சொல்ல, வட்டச் செயலாளர் கொஞ்சமும் தயங்காமல் சொன்னார்: "அறிக்கை சார்தான் பொதுமக்கள் வேணும்னாரு."

மூன்றாவது கடிதம் அமைச்சருக்கு வரவில்லை. அறிக்கையின் சொந்தப் பெயருக்கு வந்தது. உறையின் மேல் தன் முழுப்பெயரைப் பார்த்து, அது யாரென்று அவருக்கே ஒரு நொடி பிடிபடவில்லை.

"தங்களுக்குத் தெரிந்ததைத் தெரிவிக்கவும்."

காவல் நிலையத்துக்குப் போகும்போது அவர் காலில் செருப்பே கனத்தது. சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டிக்கொண்டது. உள்ளே மேசை ஒன்று, பச்சை நிற இரும்பு அலமாரி ஒன்று, ஒரே மாதிரியான மர நாற்காலிகள் நான்கு. இன்ஸ்பெக்டருக்கு ஐம்பது வயதிருக்கும். கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி விட்டுக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தார். அறிக்கையைப் பார்த்ததும் எழுந்து வணக்கம் சொல்லி, உட்காரச் சொன்னார்.

"நீங்க எழுதின கடிதம் ரெண்டும் படிச்சேன் சார். நல்ல நடை. எங்க தொட்டாலும் வழுக்குது."

அறிக்கைக்கு அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று தெரியவில்லை. நன்றி சொல்லி வைத்தார்.

இன்ஸ்பெக்டர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அமைச்சரிடம் ஆதாரம் ஏதாவது இருந்ததா, இவருக்குத் தெரிந்து? அறிக்கை வழக்கமான ராகத்தில் ஆரம்பித்தார். மாண்புமிகு அமைச்சர் அவர்கள் மக்கள் நலனில் கொண்ட அக்கறையின் காரணமாக, பல்வேறு தரப்பினரிடமிருந்தும் பெறப்பட்ட கருத்துகளின் அடிப்படையில்... இன்ஸ்பெக்டர் பேனாவைத் தாளின்மேல் வைத்தபடி காத்திருந்தார். குறுக்கே பேசவில்லை. முகம் சுளிக்கவில்லை. வாக்கியம் முடியட்டும் என்று பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினாறு வருடத்தில் அறிக்கையின் ஒரு வாக்கியம் முடியட்டும் என்று யாரும் காத்திருந்ததில்லை. பாதியிலேயே கை தட்டுவார்கள், அல்லது பாதியிலேயே எழுந்து போவார்கள். முடிவு வரை வந்தால் அங்கே ஒன்றுமே இல்லை என்பது அவருக்கே அன்றுதான் உறைத்தது. தலைக்கு மேல் மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. வாக்கியம் தேய்ந்து தேய்ந்து நின்றது.

"எனக்குத் தெரிஞ்சு இல்ல மேடம்," என்றார்.

'எனக்குத் தெரிந்து இல்லை' என்று எழுதினார் இன்ஸ்பெக்டர். வாசித்துக் காட்டினார். கையெழுத்து வாங்கினார். அறிக்கை தன் வாழ்நாளில் வெளியிட்ட மிகச் சிறிய அறிக்கை அது. கையெழுத்துப் போட்டதும் தோளிலிருந்து மூட்டையை இறக்கின மாதிரி இருந்தது. ஒரு போலீஸ் நிலையத்தில் இப்படி ஒரு சுகம் கிடைக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டார்.

அப்போது வெளியிலிருந்து ஒரு போலீஸ்காரர் எட்டிப் பார்த்து, சிறையிலிருந்து அந்தத் திருடனைக் கொண்டு வந்தாயிற்று, உள்ளே அனுப்பலாமா என்று கேட்டார்.

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "இங்க திருடன்னு யாரும் இல்ல. ஸ்டோர் கீப்பர் ஒருத்தர் இருக்காரு. அவருக்கு முழங்கால் வலி, நாற்காலி போட்டு உக்கார வையுங்க."

அறிக்கைக்கு மயிர்க்கூச்செறிந்தது. இந்த ஊரில் அமைச்சர் முதல் பேப்பர் போடுகிறவர் வரை எல்லாரும் அந்த மனிதனைத் திருடன் என்று முடிவு கட்டியாயிற்று. இந்த ஒரு அறைக்குள் மட்டும் அவன் இன்னும் ஸ்டோர் கீப்பராக இருக்கிறான். நாலு சுவர், நாலு நாற்காலி, இவ்வளவுதான் அந்த அறை. இருந்தும் வெளியே இருக்கிற பதினைந்து மைக்குகளுக்கு உள்ளே நுழைய வழியில்லை.

வராந்தாவில் அந்த மனிதரைப் பார்த்தார். வழுக்கைத் தலை, சாதுவான முகம், கைக்குட்டையை நாலாக மடித்து முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய வக்கீல். வக்கீலின் மடியில் பெரிய கோப்பு. அதில் அமைச்சரின் பேச்சு வந்த பத்திரிகைத் துண்டுகள் தேதிவாரியாக ஒட்டப்பட்டிருந்தன. அறிக்கை தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டதும் வக்கீல் எழுந்து இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"உங்க ஐயா பேசினது ஒண்ணு விடாம சேத்து வெச்சிருக்கேன். தயவுசெஞ்சு இன்னும் பேசச் சொல்லுங்க."

என்ன குத்தல் என்று நினைத்தார் அறிக்கை. தலை தானாகக் குனிந்தது.

ஸ்டோர் கீப்பர் மெல்லக் கேட்டார்: "ஐயா அடுத்து எப்ப பேசுவாரு சார்?"

 அடுத்த பேச்சில் தனக்கு என்ன வருமோ என்று இந்த அப்பாவி எப்படி நடுங்குகிறான் என்று நினைத்தார் அறிக்கை. வீட்டுக்கு வந்தும் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு வாய்ச்சொல், ஒரு கைதட்டல், ஒரு மனிதன் உள்ளே போய்விட்டான் என்று மனைவியிடம் சொன்னார். தானே இரண்டு கடிதம் எழுதி அந்தக் கைதட்டலைக் காப்பாற்றியதையும் சொன்னார். மனைவி தாள் திருத்துவதை நிறுத்திவிட்டு, "நீங்க பார்த்த அந்த இன்ஸ்பெக்டர் என்ன நினைக்கிறாங்க?" என்று கேட்டார்.

"கேட்டேன். விசாரணையில இருக்கறதைப் பத்திப் பேசமாட்டாங்களாம்."

"யாரோ ஒருத்தராவது பேசாம இருக்காங்களே."

அந்த வாரமே கருவிகள் ஆறும் வேறொரு ஊரில், பூட்டிக் கிடந்த கிடங்கு ஒன்றில் கிடைத்தன. நீதிமன்ற உத்தரவு வாங்கி வார்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே கொண்டுபோய் வைத்தது யார் என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டதற்கு, விசாரணை நடக்கிறது என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார் இன்ஸ்பெக்டர்.

அவர் சொல்லாததை எதிர்க்கட்சித் தலைவர் சொன்னார். கூட்டம் போட்டு, ஸ்டோர் கீப்பர் நிரபராதி என்றும், கருவிகளைக் கடத்தியது அமைச்சரின் மைத்துனர் என்றும், அதற்கான ஆதாரம் தன்னிடம் கட்டுக்கட்டாக இருக்கிறது என்றும் முழங்கினார். இங்கும் கை தட்டினார்கள். அமைச்சர் பொங்கி எழுந்து, பதிலுக்கு இன்னும் பெரிய கூட்டம் போட ஏற்பாடு செய்யச் சொன்னார். ஆனால் கூட்டத்துக்கு முன்பாகவே செய்தி வந்தது: எதிர்க்கட்சித் தலைவருக்கும் அரைப் பக்கக் கடிதம் போய்விட்டது. அதே எழுத்து, அதே பணிவு, அதே கடைசி வரி.

அமைச்சர் சிரித்த சிரிப்பில் அறைக் கதவு அதிர்ந்தது. மாட்டிக்கிட்டான் என்று மேசையைத் தட்டினார். அந்தச் சந்தோஷம் ஒரு நாள்தான் நிலைத்தது. எதிர்க்கட்சித் தலைவர் பழம் தின்று கொட்டை போட்டவர். நேராகக் காவல் நிலையத்துக்குப் போய், அதே மர நாற்காலியில் உட்கார்ந்து, தன்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை, அரசியல் மேடையில் பேசியது மட்டுமே என்று பத்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, வெளியே வந்து மைக்குகளிடம் சொன்னார்: "நான் சட்டத்தை மதிக்கிறவன். கூப்பிட்டாங்க, வந்தேன். அமைச்சர் ஏன் வரலைன்னு அவரைக் கேளுங்க."

இப்போது ஊரே அமைச்சரைக் கேட்டது.

அமைச்சர் போலீஸ் மேலதிகாரிக்குப் போன் போட்டு, அந்த இன்ஸ்பெக்டரை வேறு எங்காவது மாற்றிவிடச் சொன்னார். அறிக்கை எதிரே நின்றுகொண்டிருந்தார். ஸ்பீக்கரில் மேலதிகாரியின் குரல் தெளிவாகக் கேட்டது.

"தாராளமா மாத்தலாம் சார். வர்ற ஆளும் முதல்ல ஃபைலைத்தான் படிப்பாரு. உங்க ஆபீஸ் கடிதம் ரெண்டும் அதுல பக்க எண்ணோட இருக்கு. நீங்க இப்ப போன் பண்ணினதை நான் குறிப்பு எழுதி அனுப்பணும். அது அடுத்த பக்கமாச் சேரும். மாத்தின உத்தரவு அதுக்கடுத்த பக்கம்."

அமைச்சர் போனை வைத்தார். கொஞ்ச நேரம் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த பத்திரிகைப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். 

"யாருய்யா அந்தப் பொம்பள? எந்தக் கட்சி?"

"விசாரிச்சுட்டேன் ஐயா. கட்சி இல்ல. யாரோட ஆளும் இல்ல. யார் போனாலும் ஒரே நாற்காலிதான் போடறாங்க."

"பயமே இல்லையா அவளுக்கு?"

அறிக்கை யோசித்தார். "பயப்படறதுக்கு அவங்களுக்கு நேரம் இல்லைன்னு நினைக்கிறேன் ஐயா. எழுதிக்கிட்டே இருக்காங்க."

மறுநாள் காலை பதினொரு மணிக்கு அமைச்சர் கிளம்பினார். காரில் அறிக்கை மூன்று விதமான வாக்குமூலம் தயாரித்து வைத்திருந்தார். ஒன்றில் 'நினைவுக்கு எட்டிய வரையில்' என்று இருந்தது. ஒன்றில் 'தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது' என்று இருந்தது. அமைச்சர் எதையும் வாங்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பியபடி பேசினார்.

"அன்னைக்கு வார்டுக்குள்ள போனேன்யா. ஒரு தாய் என் கையைப் புடிச்சுக்கிட்டா. குழந்தை இவ்வளவுதான் இருக்கு, உள்ளங்கை அளவு. யாருங்க எடுத்துட்டுப் போனதுன்னு கேட்டா. தெரியாதும்மான்னு சொல்ல எனக்கு வாய் வரல. வெளிய வந்தேன், மைக்கு இருந்துச்சு."

 அறிக்கை மூன்று தாள்களையும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் எழுந்து வணக்கம் சொன்னார். அதே மர நாற்காலி. அமைச்சரின் பாதுகாவலர்கள் காரிலிருந்து குஷன் கொண்டுவர ஓடினார்கள்; அமைச்சர் வேண்டாமென்று கையசைத்துவிட்டு உட்கார்ந்தார். கேள்வி அதே கேள்விதான். அமைச்சர் தொண்டையைக் கனைத்து, இந்த அரசு பொறுப்பேற்ற நாள் முதலாக என்று தொடங்கினார். இன்ஸ்பெக்டர் பேனாவைத் தாளின்மேல் வைத்துக் காத்திருந்தார்.

அறிக்கை கதவோரம் நின்று, மூச்சுவிடாமல் பார்த்தார். நாடு முழுக்கக் கேட்கிற குரல் அது. தேர்தல் சமயத்தில் மூன்று மைதானங்களுக்கு ஒரே சமயத்தில் எட்டிய குரல். அந்தக் குரல், ஒரு பேனா முனைக்கு எதிரே வந்ததும் தானாக இறங்கி, தணிந்து, பக்கத்து வீட்டுக்காரர் பேசுகிற மாதிரி ஆனது. யாரும் அதட்டவில்லை. யாரும் கெஞ்சவுமில்லை. அந்த அம்மாள் செய்ததெல்லாம் காத்திருந்ததுதான்.

"எனக்கு இந்த வழக்கைப் பத்தி எதுவும் தெரியாது," என்றார் அமைச்சர். "ஆதாரம் எதுவும் என்கிட்ட இருந்ததில்ல. போலீஸ்ல யாருக்கும் நான் எதுவும் சொல்லவும் இல்ல, யாரையும் புடிக்கச் சொல்லவும் இல்ல."

இன்ஸ்பெக்டர் எழுதி, வாசித்துக் காட்டினார். அமைச்சர் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினார். அது பிழையில்லை என்று இன்ஸ்பெக்டர் பணிவாக விளக்கியதும், திருத்தியதைத் திருத்திக் கையெழுத்துப் போட்டார்.

"இதை வெளியிலயும் சொன்னீங்கன்னா நல்லது சார்," என்றார் இன்ஸ்பெக்டர். "நீங்க முதல்ல சொன்னது எவ்வளவு தூரம் போச்சோ, இதுவும் அவ்வளவு தூரம் போகணும்."

வாசலில் இருபது மைக்குகள் இருந்தன. அமைச்சர் அவற்றின் முன்னால் வெகுநேரம் நின்றார். 

"அன்னைக்கு ஸ்டோர் கீப்பரைப் பத்தி நான் பேசினது தப்பு," என்றார் அமைச்சர். "எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும்னு சொல்லிட்டேன். யார் செஞ்சதுன்னு விசாரிக்கறவங்களும் கோர்ட்டும் சொல்லட்டும். அதுவரைக்கும் நானும் பேசமாட்டேன், வேற யாரும் பேசாம இருந்தா நல்லது."

ஒருவரும் கை தட்டவில்லை. அவ்வளவு கூட்டத்திலும் எங்கோ ஒரு சைக்கிள் மணிச் சத்தம் கேட்டது. ஓர் அமைச்சரின் வாயிலிருந்து 'தெரியாது' என்ற சொல் வந்து, வானம் இடிந்து விழாமல் இருப்பதை அறிக்கை அண்ணாந்து பார்த்தார். கண் கலங்கிவிட்டது. தான் எழுதிய ஆயிரக்கணக்கான வாக்கியங்களையும் ஒரு தட்டில் வைத்து, இந்த ஒரு சொல்லை மறு தட்டில் வைத்தால், தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

அமைச்சரின் கார் போய்விட்டது. அறிக்கை போகவில்லை. ஸ்டோர் கீப்பரைப் பார்த்து இரண்டு வார்த்தை சொல்லாமல் போக அவருக்கு மனம் வரவில்லை. நீதிமன்றத்துக்கு அழைத்துப் போவதற்காக அவரை வராந்தாவில் உட்கார வைத்திருந்தார்கள். அமைச்சர் பேசியது அங்கே வரைக்கும் கேட்டிருந்தது. வக்கீல் மடியிலிருந்த கனத்த கோப்பை மெல்ல மூடி, அதன் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார், முகத்தில் ஈயாடவில்லை. ஸ்டோர் கீப்பர் மடித்த கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு விசும்பி விசும்பி அழுதார்.

எத்தனை நாள் அடக்கி வைத்திருந்த அழுகையோ என்று நினைத்தார் அறிக்கை. அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார். "அழாதீங்க. ஐயா வாயால சொல்லிட்டாரு. இனி உங்களைப் பத்தி யாரும் ஒரு வார்த்தை பேசமாட்டாங்க."

ஸ்டோர் கீப்பருக்கு அழுகை இன்னும் அதிகமானது.

நிலையத்தின் ஏட்டு, கையில் ஒரு ரசீதுடன் வந்தவர், அறிக்கையுடன் வாசல் கேட் வரைக்கும் நடந்தார். அறிக்கையால் பேசாமல் இருக்க முடியவில்லை. இப்படி ஒரு அதிகாரியைத் தான் பார்த்ததே இல்லை என்றார். ஒரு அப்பாவிக்காக அமைச்சரையே நாற்காலியில் உட்கார வைத்து, எதிர்க்கட்சித் தலைவரையும் உட்கார வைத்து, நாற்பத்தொரு பேர் சொன்ன பொய்யையும் உட்கார்ந்து எழுதி...  சொற்களே தொழிலாக இருந்தவருக்கு அன்று சொல் கிடைக்கவில்லை.

ஏட்டு நின்றார். குற்றப்பத்திரிகை இப்போதுதான் கோர்ட்டில் தாக்கலாயிற்று, கையிலிருப்பது அதற்கான ரசீது, இனி இதில் ரகசியம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, கேட்டைத் திறந்து விட்டார்.

"அந்த ஆளுதான் சார் எடுத்தது, அமைச்சர் மைக்கைப் புடிக்கறதுக்கு முந்தின நாளே அவரு மேல ஆதாரம் மேடம் கைக்கு வந்தாச்சு, அதுக்கப்புறம், அமைச்சர் சொல்லித்தான் புடிச்சாங்கன்னு கோர்ட்ல சொல்லி அவரு தப்பிக்க மிச்சம் இருந்த ஒரே வழி நம்ம அமைச்சரோட பேச்சுதான்."